வேலையற்றோர் உதவியும் ஆற்றுப்படையும்: திருவரங்குளப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

வேலையின்றி இருப்போர்க்கு அரசு பொருளுதவி செய்தல் உலக வரலாற்றில் அண்மைக்கால வழக்கமாகும். அவ்வுதவியைப் பெறுவோர் குறித்த நாளில் அலுவலகத்துக்கு வந்து, தம் கல்வியையும் முயற்சியையும் எடுத்துரைத்து, வழிகாட்டும் அலுவலர் கூறும் அறிவுரையைக் கேட்டுச் செல்லல் வேண்டும் என்னும் விதி அதனினும் அண்மையது. மேனாடுகள் பலவற்றிலும், தமிழ் மக்கள் குடியேறி வாழும் மலேசியா, சிங்கப்பூர் முதலிய கீழைநாடுகளிலும் இவ்விதி ஏதேனும் ஒரு வடிவில் வழங்குகின்றது. தமிழ்நாட்டில் உதவித்தொகையும் உண்டு; தொழில்நெறி வழிகாட்டலும் உண்டு. இரண்டையும் ஒரே அலுவலகமே நடத்துகின்றது. எனினும், வழிகாட்டலுக்கு வந்தாலன்றி உதவித்தொகை இல்லை என்னும் கட்டுப்பாடு இங்கு இல்லை.

இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது? உதவி பெறுவோனை அழைத்து எதிரில் அமர்த்திப் பேசுதல் அவனுக்குத் துணையாகுமா, அன்றி அவனைச் சோதிக்கும் செயலாகுமா? இவ்விரு வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சி அளவிறந்து பரவாமற் பொருட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருவரங்குளமும் அதன் சுற்றுப்புறமும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. புதுக்கோட்டை நகரிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் வழியில் ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர், அரங்குளநாதர் கோயிலாலும் அக்கோயிலின் சோழ பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளாலும் வரலாற்று அறிஞர் நன்கறிந்தது. இன்று ஊராட்சி ஒன்றியம் ஒன்றுக்குப் பெயர் தந்து நிற்பது. மன்னராட்சி, சென்னை மாநில ஆட்சி, இன்றைய மாவட்ட ஆட்சி என்னும் மூன்றையும் இருநூறாண்டுக்குள் கண்ட நிலப்பகுதியாதலின், ஆட்சியின் அறநோக்கு மாறிய முறையை இங்கு நின்று காண்பது எளிது.

ஆற்றுப்படை என்னும் மரபு

இன்றைய தமிழில் உளவியல் அறிவுரையாளரை ‘ஆற்றுப்படுத்துநர்’ என வழங்குகின்றோம். இச்சொல்லின் வேர் சங்க இலக்கியத்தில் உள்ளது. ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். வள்ளலிடம் சென்று பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வழியில் தன்னைப் போன்றே வறுமையுற்று வரும் மற்றொருவனைக் கண்டு, தான் பெற்ற வளத்தைச் சொல்லி, அவனும் அங்குச் செல்லுமாறு வழிகூறுவதே ஆற்றுப்படையாகும். தொல்காப்பியர் புறத்திணையியலில் இதற்கு இலக்கணம் வகுத்தார். பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே என்பது இம்மரபின் செல்வாக்கைப் புலப்படுத்தும்.

அந்நூல்களுள் வள்ளலை நோக்கிச் செலுத்தும் நான்கனையும் தொழில்நெறி வழிகாட்டல் என்னும் நோக்கிற் பயில்வோர்க்கு மூன்று செய்திகள் தெளிவாகும். முதலாவது, வழிகூறுவோன் அவ்வழியே தான் சென்று மீண்டவன். மலைபடுகடாத்தில் வழியின் இடர்கள் நுட்பமாகக் கூறப்படுகின்றன. சிறுபாணாற்றுப்படையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் எந்நிலத்தில் எவர் எவ்வுணவு அளிப்பர் என்பதுகூட எடுத்துரைக்கப்படுகின்றது. இரண்டாவது, வழிகூறுவோன் அதற்குக் கூலி பெறுவதில்லை. மூன்றாவது, எதிர்ப்பட்டவனது வறுமைக்கு அவன் சான்று கேட்பதில்லை. முகமும் உடையும் யாழுமே அவனுக்குச் சான்றாக அமைகின்றன.

கொடுப்போன் கொள்வோனைக் காண்பது வேண்டுமா என்னும் வினாவும் சங்கச் சான்றோர்க்குப் புதிதன்று. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூற்று 208ஆம் பாட்டால் அறிகின்றோம். பொருள் சிறிதாயினும் தம் தகுதியை அறிந்து தரவேண்டும் என்பது அவர் கருத்து. கொடையினும் தகுதியறிதலே கடினமானது என்னும் கருத்தைக் கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்கு அறிவுரையாகக் கூறினார் (புறம். 121). ஆகவே, பழந்தமிழர் நோக்கில் கொள்வோனைக் காணுதல் அவனது மதிப்பை அறிவதற்கே. அவன் பொய்யனோ என ஐயுற்றுக் காண்பது அம்மரபுக்கு அயலானது. பின்வரும் வரலாற்றை அளத்தற்கு இவ்வேறுபாடே அளவுகோலாகக் கொள்ளத்தக்கது.

காணியும் கொடையும்

இடைக்காலத்துத் தமிழகத்தில் வேலை தேடுதல் என்பது இன்றைய பொருளில் பெருவழக்காக இருந்ததெனக் கூறவியலாது. நிலமும் கோயிற்பணியும் ஊர்ப்பணியும் ‘காணி’ என்னும் உரிமையால் பிணைக்கப்பட்டிருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டு, பணிசெய்வோர் இறந்தாலும் ஊர்விட்டுச் சென்றாலும் அவர்தம் உறவினர் அப்பங்கைப் பெறவேண்டும் எனவும், உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடையாரைத் தேர்ந்து நிறுத்தவேண்டும் எனவும் விதித்தது. தகுதி என்னும் கருத்து அங்கும் இருந்தது; ஆயினும் அது பிறப்புரிமைக்குப் பின்னரே எண்ணப்பட்டது. காணியற்றவர்க்கு ஊரின் விளைச்சற் கூலியும் கொடையுமே எஞ்சின.

தொண்டைமான் மன்னர் ஆட்சியில் புதுக்கோட்டையின் கொடைமுறைக்கு அம்மன் காசு நல்லதோர் எடுத்துக்காட்டு. முன்புறம் பிரகதாம்பாள் உருவமும் பின்புறம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்னும் சொல்லும் பொறித்த அச்சிறு செப்புக்காசு ஓர் அணாவுக்கு இருபது என்னும் மதிப்புடையது. நவராத்திரி விழாவில் அரிசியுடன் அக்காசும் வழங்கப்பட்டது. பெறுவோன் விழா நாளில் வந்து நின்றாற் போதும். அவன் வேலை தேடினானா என எவரும் வினவவில்லை. அதே நேரத்தில், மறுநாள் அவன் என்ன செய்வான் எனவும் எவரும் வினவவில்லை. இக்கொடை சாதியாலும் சடங்காலும் வரையறுக்கப்பட்டது. வேலையின்மை என்னும் துன்பத்துக்கு மருந்தாக எண்ணப்பட்டதன்று. சோதனையில்லாக் கொடையில் வழிகாட்டலும் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

பஞ்சமும் சோதனை வேலையும்

உதவி பெறுவோன் தன் தேவையை உடலால் மெய்ப்பித்தல் வேண்டும் என்னும் கொள்கை 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் இந்நாட்டில் வலுவாக வேரூன்றியது. சென்னை மாகாணத்துக்குப் பஞ்சப் பொறுப்பாளராக அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிதளவு காசும் போதும் என வரையறுத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ், உழைக்கும் உடல் இவ்வுணவால் நில்லாதெனக் கடுமையாக மறுத்துரைத்தார். பின்னர்க் கூலி உயர்த்தப்பட்டது.

1880ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த பஞ்சக்குழுவும் அதன்வழி 1883இல் எழுந்த பஞ்ச விதித்தொகுப்பும் ‘சோதனை வேலை’ என்னும் முறையை நிலைநாட்டின. கடினமான வேலையைப் பிழைப்புக்கு மட்டும் போதிய கூலிக்கு அமைத்து, மக்கள் அதற்கும் திரண்டு வருவாராயின் பஞ்சம் மெய்யெனக் கொள்வதே அம்முறை. உதவி பெறுமிடத்தை ஊரிலிருந்து தொலைவில் அமைத்து, நடந்து வருவோர்க்கே உதவி என்னும் தொலைவுச் சோதனையும் அக்காலத்தில் வழங்கியது. வந்து நிற்றலே தேவைக்குச் சான்று என்பது இவற்றின் அடிப்படை. வேலையின் பயன் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது.

புதுக்கோட்டைச் சமஸ்தானமும் அப்பஞ்சத்துக்குத் தப்பவில்லை. அதன் வடு ஆறாத 1878ஆம் ஆண்டிலேயே சேஷய்ய சாஸ்திரி அங்குச் சிர்க்கீல் பொறுப்பை ஏற்றார். 1894 வரை நீடித்த அவரது ஆட்சிக்காலத்தில் குளங்கள் தூர்வாரப்பெற்றன. விளைச்சலைப் பங்கிடும் அமானி முறை ஒழிக்கப்பட்டது. ஏரியையும் மழையையும் நம்பி வாழும் செம்மண் நாட்டில், நீர்நிலையைச் செப்பனிடுதலே வேலையளித்தலுக்கு முதற்படி என்பதை அவர்தம் ஆட்சிமுறை உணர்த்துகின்றது.

கங்காணியின் வழிகாட்டல்

உள்ளூரில் வேலை இல்லாதார்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல்கடந்த நாடுகள் வழிதிறந்தன. புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் அதனையடுத்த தஞ்சை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்தும் மக்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் சென்றனர். தோட்டத் தொழிலுக்கு ஆள் சேர்த்தவன் கங்காணி. அவன் பெரும்பாலும் தன் ஊருக்கே மீண்டு வந்து, தன் உறவினரையும் சாதியாரையும் அழைத்துச் சென்றான். புறத்தோற்றத்தில் இஃது ஆற்றுப்படையே. அவனும் சென்று மீண்டவன். அவனும் தான் கண்ட வளத்தைச் சொன்னவன்.

ஆயினும், ஒன்று முற்றிலும் மாறிவிட்டது. வழிகாட்டுதல் அவனுக்கு வருவாயாயிற்று. வேலைக்கு வந்த ஆளொன்றுக்குத் தலைக்காசு அவனுக்குக் கிடைத்தது. வழிச்செலவுக்கென அவன் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடனாயிற்று. இலங்கையில் அக்கடனை எழுதிய ‘துண்டு’ ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொழிலாளியோடு சென்றது. கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவன் உரியவனானான். 1921ஆம் ஆண்டில் அங்குத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியக் குடியேற்றச் சட்டம் 1922இல் வந்தது. மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றம் 1938இல் தடுக்கப்பட்டது. வழிகாட்டப்படுவோனிடமிருந்து வழிகாட்டுவோன் வாழ்தலாகாது என்னும் பாடம் பல்லாயிரவர் துன்பத்தாற் பெறப்பட்டது. பொது வேலைவாய்ப்பு அலுவலகம் கட்டணமின்றி இயங்கவேண்டும் என்னும் பன்னாட்டுக் கொள்கையின் பொருளை இவ்வரலாறு நன்கு விளக்கும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தோற்றம்

பொது வேலைவாய்ப்பு அலுவலகம் என்னும் அமைப்பு இங்கிலாந்தில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடளாவிய வடிவம் பெற்று, 1910 பிப்ரவரியில் இயங்கத் தொடங்கியது. அதனை வடிவமைத்தவருள் வில்லியம் பெவரிட்ஜ் தலைசிறந்தவர். அமைச்சராயிருந்து நிறைவேற்றியவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1911ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம் கப்பல் கட்டுதல், பொறித்தொழில், கட்டடத்தொழில் முதலியவற்றில் உழைப்போர்க்கு வேலையற்ற காலத்தில் வாரம் 7 ஷில்லிங் வீதம் ஆண்டுக்குப் பதினைந்து வாரம் வரை உதவி வழங்கியது. உதவி பெறுவோன் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வந்து கையொப்பமிடல் வேண்டும் என்னும் வழக்கம் அப்போதே தொடங்கிற்று. உதவியும் வருகையும் அங்கு இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன.

இந்தியாவில் வரலாறு வேறுவழிச் சென்றது. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய படைவீரர்க்கு வாழ்வளிக்க 1945 சூலையில் மறுவாழ்வு வேலைவாய்ப்பு இயக்ககம் அமைக்கப்பட்டது. நாட்டுப் பிரிவினையால் புலம்பெயர்ந்தோர்க்கும் அது கைகொடுத்தது. 1948இல் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு 3ஆம் நாளே புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு கோட்டமாயிற்று. மன்னனின் விழாக்கொடை முடிவுற்றதும் குடியரசின் பதிவேடு எல்லார்க்கும் திறந்ததும் இப்பகுதியைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒரே காலத்து நிகழ்ச்சிகள் எனலாம்.

பி. சிவராவ் தலைமையில் 1952இல் அமைந்த குழு 1954இல் தந்த அறிக்கையின் பயனாக, அலுவலகங்களின் அன்றாட ஆட்சி 1956 நவம்பர் முதல் நாளன்று மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொழில்நெறி வழிகாட்டல் இவ்வலுவலகங்களின் பணியாகச் சேர்க்கப்பட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் காலியிடங்களை அலுவலகத்துக்கு அறிவித்தலைக் கட்டாயமாக்கி, 1960 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கடமை வேலைதருவோன்மேல் வைக்கப்பட்டதை ஈண்டு நோக்குதல் வேண்டும். அறிவித்தல் கட்டாயமேயன்றி, அலுவலகம் அனுப்பியவரையே அமர்த்துதல் கட்டாயமாக்கப்படவில்லை.

அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு, வேலைபெறும் உரிமைக்கும் வேலையற்ற காலத்துப் பொதுவுதவிக்கும் அரசு வழிசெய்தல் வேண்டும் என நெறிப்படுத்தியிருந்தது. எனினும், அலுவலகம் பிறந்த காலத்தில் உதவித்தொகை உடன்பிறக்கவில்லை. ஆகவே இந்திய அலுவலகத்தின் உயிர்நாடி ‘பதிவு மூப்பு’ ஆயிற்று. பதிந்த நாளே வேலைதேடுவோனின் சொத்து. குறித்த காலத்தில் புதுப்பிக்காவிடின் அச்சொத்து அழியும். தமிழகத்தில் அரசு அவ்வப்போது சிறப்புப் புதுப்பித்தற் சலுகை அறிவித்து வந்தமை, மூப்பை இழந்தோர் தொகையையும் அவ்விழப்பின் வலியையும் காட்டும். அலுவலகப் பட்டியலோடு பொது விளம்பரமும் வேண்டும் என உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த பின்னர் மூப்பின் வலிமை குன்றியது. ஆயினும் பதிவு குறையவில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் தமிழகத்தில் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவேட்டில் இருந்தனர். 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொருளைத் தன்னுள் ஏற்று, இவ்வலுவலகத்துக்குத் தொழில்நெறி மையம் எனப் பொருள்படும் பெயரை வழங்கியது.

தமிழக உதவித்தொகைத் திட்டம்

மேற்கு வங்கமும் கேரளமும் முன்னரே தொடங்கிய உதவித்தொகை முறை, தமிழகத்தில் 2006ஆம் ஆண்டில் இன்றைய வடிவத்தின் தொடக்கத்தைப் பெற்றது. பின்னர் உயர்த்தப்பட்ட வீதப்படி, பத்தாம் வகுப்பில் தவறியவர்க்குத் திங்களொன்றுக்கு ரூ. 200, தேறியவர்க்கு ரூ. 300, மேனிலைக் கல்வி முடித்தவர்க்கு ரூ. 400, பட்டம் பெற்றவர்க்கு ரூ. 600 வழங்கப்படுகின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும் இத்தொகை மூன்றாண்டுகளுக்கு மட்டும் உரியது. பதிவு செய்து ஐந்தாண்டு நிறைவுற்றிருத்தல் வேண்டும். பதிவைத் தொடர்ந்து புதுப்பித்திருத்தல் வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 72,000க்கு மேற்படலாகாது, வயது நாற்பதைக் கடத்தலாகாது, பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் வயது வரம்பு நாற்பத்தைந்து. பொறியியல், மருத்துவம் முதலிய தொழிற்பட்டம் பெற்றோர் இதற்கு உரியரல்லர். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டுப் பதிவே போதும், அவர்க்கு ரூ. 600 முதல் ரூ. 1,000 வரை பத்தாண்டுகளுக்கு வழங்கப்படுகின்றது.

கணக்கிட்டுப் பார்ப்பின், பத்தாம் வகுப்பில் தவறிய ஒருவர் மூன்றாண்டிலும் பெறும் முழுத்தொகை ரூ. 7,200, பட்டதாரி பெறுவது ரூ. 21,600. இதனைப் பெறுதற்கு அவர் ஐந்தாண்டு காத்திருத்தல் வேண்டும். பணம் வரத்தொடங்கும்போது வேலையின்மை முதிர்ந்துவிடுகின்றது. பள்ளி விடுத்த முதலாண்டிலேயே பயன்தரக்கூடிய அறிவுரை, இம்முறையில் ஆறாமாண்டுக்குரிய அலுவலோடு பின்னிக் கிடக்கின்றது.

நிபந்தனைகளை மேலும் நுணுகி நோக்குவோம். வருவாய் ஆய்வாளரின் சான்று, கல்விச் சான்றுகள், வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் அளிக்கும் சுய உறுதிமொழி ஆவணம் ஆகியவை கேட்கப்படுகின்றன. இவை யாவும் ‘இவர் ஊதியம் பெறவில்லை, இவர் வறியவர்’ என்பதற்கே சான்றாவன. ‘இவர் எதனைச் செய்ய வல்லவர்’ என்பதனை அறியும் தாள் அவற்றுள் ஒன்றுமில்லை. திருவரங்குளத்து இளைஞர் ஒருவர் உறுதிமொழி ஆவணத்தோடு புதுக்கோட்டைக்குச் சென்று, அதனை அளித்துத் திரும்பினால் அவர் கடமை முடிந்தது. அதே அலுவலகத்துக்கு இன்று ‘மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்பது பெயர். போட்டித் தேர்வுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தரும் தன்னார்வப் பயிலும் வட்டமும், தனியார் வேலைவாய்ப்பு முகாமும் அங்கு நடைபெறுகின்றன. அவற்றை நாடுவோர் தம் விருப்பால் நாடலாம். உதவித்தொகையோ வழிகாட்டலைத் தொடாமலே சென்றுவிடுகின்றது. பெருஞ்சித்திரனார் மறுத்த காணாக்கொடையின் சாயல் இங்கு உண்டு எனின் அது மிகையாகாது.

இன்னுமொரு குறையும் உண்டு. உதவித்தொகையின் ஏணி பள்ளிச் சான்றிதழில் தொடங்குகின்றது. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கசா புயல் ஆலங்குடி, திருவரங்குளம், கீரமங்கலம் வட்டாரங்களில் தென்னையையும் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோது, ஒரே இரவில் வாழ்வு இழந்தோர் பலர். புயல் நிவாரணம் என்னும் தனிவழி அவர்க்குத் திறந்தது. வேலையிழந்தோர் என்னும் கணக்கில் அவர்க்கு இடமில்லை. சிற்றூர்க் கூலியுழைப்பாளர்க்கு 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை கேட்டுப் பதினைந்து நாளில் கொடுக்காவிடின் வேலையின்மைப் படி உண்டு என விதித்தது. முதல் முப்பது நாளுக்குக் கூலியில் காற்பங்குக்கும், அதன்பின் அரைப்பங்குக்கும் குறையாத தொகை அது. கொடுத்த வேலைக்கு வாராதோர் அப்படியை இழப்பர். அரசின் தவறுக்கு அரசே பொறுப்பு, வருகைக்குத் தொழிலாளியே பொறுப்பு என இருபுறமும் கடமை வகுத்தமை அச்சட்டத்தின் தனிச்சிறப்பு.

வருகை கட்டாயமான நாடுகள்

இனி, வழிகாட்டலுக்கு வருதல் கட்டாயமாக்கப்பட்ட நாடுகளின் படிப்பினையைக் காண்போம். இங்கிலாந்தில் 1921 முதல் 1930 வரை, உதவி கேட்போன் உண்மையாகவே வேலை தேடுவதை மெய்ப்பித்தல் வேண்டும் என்னும் விதி வழங்கியது. வேலையே இல்லாத சுரங்க ஊர்களிலும் தொழிலாளர் ஆலைவாயில்தோறும் நடந்து சான்று தேடினர். இலட்சக்கணக்கான விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. பெருங்கசப்பை விளைவித்த அவ்விதி 1930இல் நீக்கப்பட்டது. பஞ்சகாலச் சோதனை வேலையின் உடன்பிறப்பாக அதனைக் கருதலாம்.

அந்நாடே 1986ஆம் ஆண்டில் வேறொரு முறையைக் கையாண்டது. நெடுநாள் வேலையற்றோர் ஒவ்வொருவரும் ‘மறுதொடக்க நேர்காணல்’ ஒன்றுக்கு அழைக்கப்பட்டனர். வாராதோர் உதவியை இழக்க நேரிடும். 1983க்குப் பின் இலண்டனிற் குடியேறிய ஈழத்தமிழருள் வேலையிழந்தோர்க்கும் இவ்விதியே பொருந்திற்று. இந்நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோரையும், குலுக்கல் முறையில் தெரிந்து அழைக்காது விடப்பட்டோரையும் ஒப்பிட்டுப் பொருளியல் அறிஞர் ஆராய்ந்தனர். அழைக்கப்பட்டோர் விரைவில் வேலையின்மையினின்று நீங்கினர் எனவும், ஐந்தாண்டுக்குப் பின்னரும் ஆடவரிடையே வேலையின்மை ஆறு விழுக்காட்டுப் புள்ளி குறைவாக இருந்தது எனவும், மகளிரிடையே அத்தகைய நிலைத்த பயன் காணப்படவில்லை எனவும் அவ்வாய்வு தெரிவித்தது. எதிரில் அமர்ந்து பேசும் பேச்சுக்கு ஆற்றல் உண்டு. எல்லார்க்கும் ஒரே அளவில் அன்று என்பது இதனாற் புலனாகும்.

மலேசியாவில் 2017ஆம் ஆண்டின் சட்டத்தால் வேலைக் காப்புறுதித் திட்டம் அமைந்து, 2018 முதல் நடைமுறையில் உள்ளது. தொழிலாளியும் முதலாளியும் பணம் செலுத்தும் இத்திட்டத்தில், வேலையிழந்தவர் அறுபது நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். உதவி பெறுங்கால் வேலை தேடுவதற்குச் சான்று காட்டல் வேண்டும். சிங்கப்பூரில் 2025 ஏப்பிரலில் தொடங்கிய வேலைதேடுவோர் ஆதரவுத் திட்டம், தம் குற்றமின்றி வேலையிழந்தோர்க்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை அளிக்கின்றது. முதல் மாதம் 1,500 வெள்ளியாகத் தொடங்கிப் படிப்படியாகக் குறையும் இத்தொகைக்கு, வேலைக்கு விண்ணப்பித்தல், பயிற்சியிற் சேர்தல், வாழ்க்கைத்தொழில் அறிவுரைக்கு வருதல் முதலிய செயல்களால் மாதந்தோறும் குறித்த புள்ளிகளை ஈட்டுதல் வேண்டும். கங்காணியின் பின்சென்ற தமிழர்தம் வழித்தோன்றல்கள் வாழும் இந்நாடுகளில், வழிகாட்டல் கட்டணமற்ற பொதுப்பணியாகியிருப்பது வரலாற்றின் குறிப்பிடத்தக்க திருப்பம்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று நிலைகள் தெளிவாகின்றன. அம்மன் காசில் கொடை இருந்தது, வழிகாட்டல் இல்லை. சோதனை வேலையிலும் 1921ஆம் ஆண்டு விதியிலும் வருகை இருந்தது, அது ஐயத்தின் பயனாய் அமைந்தது. கங்காணியிடம் வழிகாட்டல் இருந்தது, அது விலைக்கு வந்தது. இம்மூன்று குறைகளும் நீங்கிய நிலையே ஆற்றுப்படை மரபு காட்டும் நிலையாகும்.

தமிழகத்தில் உதவித்தொகையையும் வழிகாட்டலையும் இணைக்கும் எண்ணம் எழுமாயின், வருவோன்மேல் மட்டும் கடமையைச் சுமத்துதல் முறையாகாது. திங்களுக்கு ரூ. 200 பெறுவோனை மாதந்தோறும் அழைத்தால், ஒரு நாட்கூலியை இழக்கச் செய்து உதவியையே விழுங்குவதாக முடியும். அது தொலைவுச் சோதனையின் மறுபிறப்பாகும். 2021 முதல் மகளிர்க்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாமை இச்சுமையைச் சிறிது குறைத்துள்ளது. இதனை மேலும் குறைக்க, அலுவலர் ஒன்றிய அலுவலகத்துக்கே குறித்த நாளில் வருதல் தக்கது. வழிகாட்டல் பதிவு செய்த ஆண்டிலேயே தொடங்குதல் வேண்டும். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் மாணவரிடையே செய்யும் பணி, கல்வி விடுத்தோர்க்கும் தொடர்தல் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகூறுவோன் வழியை அறிந்தவனாதல் வேண்டும். திருவரங்குளத்தை அடுத்த வம்பனில் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் உள்ளது. அவ்வூர்ப் பெயரையே தாங்கிய உளுந்து வகைகள் தமிழகமெங்கும் விதைக்கப்படுகின்றன. சுற்றிலும் முந்திரியும் பலாவும் பூவும் விளைகின்றன. இவற்றால் எழக்கூடிய தொழில் யாவை, அதற்கு வேண்டிய பயிற்சி எது, கடன் எங்குக் கிடைக்கும், முன்னர் அவ்வழிச் சென்று நிலைபெற்ற உள்ளூரார் யாவர் என்பனவற்றை அறிந்த அலுவலர் எதிரில் அமர்ந்தால், அச்சந்திப்புக்குக் கட்டாயம் மிகுதியும் வேண்டப்படாது. அறியாதவர் அமர்ந்தால், எத்துணைக் கட்டாயம் விதித்தாலும் அது கையொப்பம் இடும் சடங்காகவே எஞ்சும். கொடுத்தல் அரசுக்கு இன்று எளிதாகிவிட்டது. வங்கிக் கணக்கில் தொகை தானே சென்று சேர்கின்றது. கொள்வோனின் தகுதியறிதல் இன்னும் அரிதாகவே இருக்கின்றது. அவ்வரிய பணியே தொழில்நெறி வழிகாட்டல் என்னும் பெயருக்குப் பொருள் தருவதாகும்.